நானோ டைட்டானியம்: கொள்முதலுக்கு முன் கவனிக்க வேண்டியவை

கெலவரப்பள்ளி, ஓசூர் வட்டாரத்தில் பெயிண்ட், பிளாஸ்டிக், ரப்பர் தொழில்களுக்குச் சரக்குக் கொடுத்துவரும் நமக்கு டைட்டானியம் டை ஆக்சைடு புதிதல்ல. இப்போது அதே வெள்ளைப் பொடி "நானோ" என்ற பெயரில் பல மடங்கு விலைக்கு வருகிறது. கொஞ்சம் கலந்தாலே பெயிண்ட் இரட்டிப்பு வெண்மையாகும் என்று சொல்லும் ஏஜெண்டுகள் நம் கடைக்கும் வந்து போனார்கள். அந்தப் பேச்சு சரியல்ல.

வெண்மைக்குத் துகளின் அளவு முக்கியம். 0.2 முதல் 0.3 மைக்ரான் வரையுள்ள துகள்தான் ஒளியை நன்றாகச் சிதறடித்து அடிப்பரப்பை மறைக்கும். நானோ துகள் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. அதை எண்ணெயில் குழைத்துக் கறுப்பு அட்டையில் பூசிப் பாருங்கள். லேசான நீலச் சாயலுடன் கறுப்பு அப்படியே தெரியும். சாதாரணப் பொடியோ அட்டையை மூடிவிடும். செலவில்லாத சோதனை இது.

மூலப்பொருள் இரண்டுக்கும் ஒன்றே. மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் கிடைக்கிறது. திருவனந்தபுரம் டிராவன்கூர் டைட்டானியம் ஆலையில் கந்தக அமில முறை. சவறாவில் 1984-ல் தொடங்கிய கேரள அரசு ஆலையில் குளோரின் முறை. அமில முறையில் கிடைக்கும் வெள்ளைக் கூழை 800 டிகிரிக்கு மேல் சுட்டால் படிகங்கள் வளர்ந்து பெயிண்டுக்கு ஏற்ற அளவுக்கு வரும். 400, 500 டிகிரியோடு நிறுத்தினால் நானோவாகவே நிற்கும். டைட்டானியம் டெட்ரா குளோரைடு ஆவியை ஹைட்ரஜன் சுடரில் எரித்தும் நானோ பொடி எடுக்கிறார்கள்.

அப்படியானால் நானோ எதற்கு? பூச்சு தெரியாமல் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால் வெயில் கிரீமுக்கு உகந்தது. ஜப்பானில் ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் 1972-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, ஒளி பட்டால் அழுக்கைச் சிதைக்கும் இதன் குணமும் பயனுக்கு வந்தது. தானே சுத்தமாகும் கண்ணாடி அப்படிப்பட்டதே. ஆனால் அழுக்கைச் சிதைக்கும் பொடி, பெயிண்டின் பிசினையும் விட்டுவைக்காது. மேற்பூச்சுக் கொடுக்காத அனடேஸ் நானோவை வெளிச்சுவர் பெயிண்டில் சேர்த்தால் சுவர் சுண்ணாம்பாக உதிரும். பழி கடைக்காரர் தலையில் விழும்.

கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையை இந்தப் பொடி தூவிப் போக்கலாம் என்று பேசுவோரும் உண்டு. இது வேலை செய்யப் புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது 5 சதவீத அளவே. கலங்கிய நீருக்குள் அதுவும் ஆழமாகப் போகாது. ஆய்வுக்கூடக் குவளை வேறு, அணை வேறு.

வாங்குவோர் பில்லில் சுங்கக் குறியீட்டையும் பாருங்கள். வெறும் டைட்டானியம் ஆக்சைடு 2823-இல் வரும்; பெயிண்டுக்கான நிறமி 3206-இல் வரும். நானோ மிக லேசான சரக்கு; எடை குறைவானாலும் குடோனில் இடத்தை அடைக்கும், லாரி வாடகையும் அதற்கேற்ப ஏறும். மூட்டை பிரிக்கும் ஆட்களுக்குத் துணி கட்டினால் போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் கொடுக்க வேண்டும். இப்பொடியைச் சுவாசிப்பது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்ற பிரிவில்தான் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை வைத்திருக்கிறது.