திரையில் ‘பென்டிங்’ என்று வந்தால் யார் வேலை?

“டெவலப்பர் ஆகவா, டேட்டா சயின்ஸ் பக்கம் போகவா, இல்லை ப்ராடக்ட் மேனேஜரா?” கல்லூரி முடிக்கப்போகும் பிள்ளைகள் இப்படிக் கேட்டால், வீட்டில் பேச்சு சம்பளத்தில்தான் தொடங்குகிறது. அதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். டீயைக் குடித்தபடியே கேளுங்கள்.

அந்த டீக்கு யுபிஐ-யில் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் பிடித்தாயிற்று, கடைக்காரருக்கு வரவில்லை. திரையில் ‘பென்டிங்’ என்று நிற்கிறது.

இன்ஜினியரைப் பொறுத்தவரை இது பதில் வராமல் போன ஒரு செய்தி. உங்கள் வங்கிக்கும் கடைக்காரர் வங்கிக்கும் நடுவே, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ-யின் அமைப்பு இருக்கிறது. வழியில் எங்கோ பதில் தங்கிவிட்டது. மறுபடி கேட்கலாம், ஆனால் பணத்தை இரண்டு முறை பிடித்துவிடக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் உண்டு. அந்த எண் ஏற்கெனவே வந்ததா என்று பார்த்த பிறகே நிரல் அடுத்த அடி வைக்க வேண்டும். எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசிப்பதும், உடைந்த பிறகு நள்ளிரவில் லாக் வரிகளைத் துழாவுவதும் இந்த வேலையின் பெரும்பகுதி.

டேட்டா சயின்டிஸ்டுக்கு உங்கள் ஒரு பரிவர்த்தனை போதாது. லட்சக்கணக்கான பரிவர்த்தனைகள் வேண்டும். எந்த வங்கியில், எந்த நேரத்தில் தவறுகிறது? தோல்வி விகிதம் உண்மையிலேயே கூடியதா, மொத்த எண்ணிக்கை கூடியதால் அப்படித் தெரிகிறதா? மாடல் கட்டுவதைவிட, குறையும் பிழையுமாக வரும் தரவைச் சுத்தம் செய்யவே அதிக நேரம் போகும். 2012-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழ் டேட்டா சயின்டிஸ்ட் வேலையை இந்த நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியானது என்றது. அதை நம்பி வந்த பலர் இன்று தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்க்யூஎல்-லும் வாராந்திர அறிக்கையுமாக இருக்கிறார்கள். அதில் குறைவொன்றும் இல்லை. ஆனாலும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: “முதல் மூன்று மாதம் நான் என்ன செய்வேன்?”

திரையில் ‘பென்டிங்’ என்று போடலாமா என்பது ப்ராடக்ட் மேனேஜரின் கவலை. அதைக் கண்டால் கடைக்காரர் நம்புவாரா, மறுபடி கொடுக்கச் சொல்வாரா? இதை முதலில் சரிசெய்வதா, புது வசதியை வெளியிடுவதா? பெயரில்தான் மேனேஜர், இன்ஜினியர்கள் பெரும்பாலும் அவருக்குக் கீழ் இருப்பதில்லை. எழுதியும் பேசியும்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். 1931-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் பணிபுரிந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதிய குறிப்பில் இந்த வேலையின் வேர் இருக்கிறது. ஆக, பொறுப்பு முழுதாக உண்டு, அதிகாரம் கொஞ்சம்தான்.

என் கருத்தைக் கேட்டால், நிரல் எழுதுவதில் வெறுப்பு இல்லாதவர்கள் இன்ஜினியரிங்கில் தொடங்குவதே நல்லது. அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் நகர்வது எளிது. எதிர்த்திசையில் வருவது கடினம். புதியவர்களுக்கு நேரடி ப்ராடக்ட் மேனேஜர் இடங்களும் குறைவு. புள்ளியியல் மனதாரப் பிடித்தவர்கள் மட்டும் தரவுப் பக்கம் நேராகப் போகலாம்.

கடன் வாங்கிக் கோர்ஸில் சேரும் முன் ஒன்று செய்யுங்கள். தெரிந்த ஒருவருக்குப் பயன்படும் சின்ன செயலி ஒன்றை எழுதுங்கள். அரசு வெளியிடும் தரவுக் கோப்பு ஒன்றைச் சுத்தம் செய்து பாருங்கள். ஒரு செயலியில் திணறும் ஐந்து பேரிடம் பேசி, எதை முதலில் மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். சலிப்பு தட்டிய பிறகும் எதை விட மனம் வரவில்லையோ, அதற்குப் பணம் கட்டுங்கள்.