காற்றை மறந்த பாலமும் காற்றை மதித்த பாலமும்

ரயில் வண்டி ஆற்றுப் பாலத்தின்மேல் ஏறியவுடன் அதன் சப்தமே மாறிவிடுகிறது. குழந்தைகள் ஜன்னலுக்குத் தாவுகிறார்கள். பாட்டிமார்கள் ஒரு காசை ஆற்றில் எறிந்துவிட்டுக் கும்பிடுகிறார்கள். பாலம் தாங்குமா என்ற கேள்வி மட்டும் ஒருவர் மனத்திலும் எழுவதில்லை. எழாமலிருப்பதுதான் நியாயம். ஆனால் இந்த நிம்மதி நமக்கு இனாமாகக் கிடைத்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து தேசத்தில் எழுந்த இரண்டு பாலங்களின் கதையைக் கேட்டால் அந்த விலை இன்னதென்று விளங்கும்.

எடின்பரோ நகரிலிருந்து வடக்கே டண்டீ நகருக்குச் செல்லும் வழியில் கடல் இரண்டு இடங்களில் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது. முதலாவது போர்த் கழிமுகம். இரண்டாவது டே கழிமுகம். ஆதியில் பிரயாணிகள் ரயிலைவிட்டு இறங்கிப் படகேறி, அக்கரையில் வேறு ரயில் பிடித்து, மறுபடியும் படகேற வேண்டியிருந்தது. தாமஸ் பௌச் என்ற எஞ்சினியர், 1850-ல் சரக்கு வண்டிகளை அப்படியே ஏற்றிச் செல்லும் தண்டவாளப் படகு ஒன்றை அமைத்துப் புகழ் பெற்றார். ஆனால் அவருடைய கனவு படகு அல்ல, பாலம். இரு கழிமுகங்களையும் பாலத்தால் கடக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார்.

டே பாலம் 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய இரண்டு மைல். அக்காலத்தில் உலகத்திலேயே நீளமான பாலம் அதுதான். அடியில் கப்பல்கள் செல்வதற்காக, நடுவிலிருந்த 13 கண்களை மட்டும் தண்ணீருக்கு 88 அடி உயரத்தில் தூக்கி அமைத்திருந்தார்கள். அங்கே ரயில், இரும்புச் சட்டங்களாலான ஒரு கூண்டுக்குள் புகுந்து சென்றது. 1879-ல் விக்டோரியா ராணி அதன்மேல் பிரயாணம் செய்தார். பௌச்சுக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது.

ஆனால் அந்தப் பாலத்தின் பலவீனம் கட்டும்போதே ஆரம்பித்துவிட்டது. ஆற்றின் அடியில் பாறை இருக்கிறது என்று நம்பிச் செங்கல் தூண்களைத் திட்டமிட்டார்கள். உள்ளே போகப்போக, பாறை என்று எண்ணியது மெல்லியதோர் அடுக்கு என்று தெரியவந்தது. கனமான தூண்களை அது தாங்காது. ஆகவே மேற்பகுதியை வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்களாக மாற்றி, அவற்றைத் தேனிரும்புப் பட்டைகளால் குறுக்கே கட்டினார்கள்.

இங்கே இரும்பின் குணத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு கருங்கல்லைப் போன்றது. அதன் தலையில் எவ்வளவு பாரத்தை வைத்தாலும் தாங்கும். பிடித்து இழுத்தாலோ, வெடுக்கென்று முறிந்துவிடும். தேனிரும்பு இழுவையைப் பொறுக்கும். டே பாலத்தில் தேனிரும்புப் பட்டைகளை மாட்டிய 'காது'கள், தூணோடு சேர்த்தே வார்க்கப்பட்ட வார்ப்பிரும்புக் காதுகள். பக்கவாட்டில் காற்று மோதினால் அதன் வேகம் முழுவதும் இழுவையாக வந்து விழும் இடம் அதுதான். இழுவைக்கு ஆகாத பொருளை இழுவை மிகுந்த இடத்தில் வைத்தார்கள்!

வார்ப்பட வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. தூண்களில் விழுந்த ஓட்டைகளைத் தேன்மெழுகு, இரும்புத் தூள், குங்கிலியம், கரி ஆகியவற்றைக் கலந்த பசையால் அடைத்துவிட்டார்கள். பாலத்தைப் பார்வையிட நியமிக்கப்பட்டவருக்குச் செங்கல் வேலை தெரியுமே ஒழிய இரும்பு வேலை தெரியாது. பட்டைகள் தளர்ந்து கடகடப்பதைக் கண்ட அவர், மேலிடத்துக்குத் தெரிவிக்காமல், இடுக்குகளில் இரும்புத் துண்டுகளைச் செருகி ஆட்டத்தை நிறுத்தினார். சப்தம் நின்றது, ஆபத்து நிற்கவில்லை.

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை. பெரும் புயல் அடித்துக்கொண்டிருந்தது. இரவு ஏழு மணி சுமாருக்கு, ஓர் எஞ்சினும் ஆறு வண்டிகளும் கொண்ட ரயில் தென்கரையிலிருந்து பாலத்தில் ஏறியது. அதன் பின்விளக்குகள் தேய்ந்துகொண்டே போனதைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். தீப்பொறிகள் தெரிந்தன, திடீரென்று ஓர் ஒளி, பிறகு இருள். டண்டீயிலிருந்து ரயில்வே ஊழியர் இருவர் புயலில் தவழ்ந்தபடி பாலத்தின்மேல் சென்று பார்த்தார்கள். பாலத்தோடு பதித்திருந்த குடிநீர்க் குழாய் முறிந்து, தண்ணீர் வெற்று வெளியில் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்பால் பாலம் இல்லை. உயர்ந்த கண்கள் பதின்மூன்றும் ரயிலோடு ஆற்றில் விழுந்துவிட்டன. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் சுமார் 75 பேர் என்று அந்நாளில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியில் 59 பேர் இன்னார் இன்னார் என்று உறுதியாயிற்று.

விசாரணைக்கு மூவர் நியமிக்கப்பட்டனர். பகிரங்கமாகச் சாட்சியம் கேட்ட பிறகு, 1880-ல் தீர்ப்பு வந்தது: பாலத்தின் திட்டம், கட்டுமானம், பராமரிப்பு ஆகிய மூன்றுமே தவறு. காற்றின் வேகத்துக்கென்று பௌச் தனியாக ஒரு கணக்கும் போடவில்லை. அக்காலத்தில் பிரான்ஸ், அமெரிக்கா தேசத்து எஞ்சினியர்கள் சதுர அடிக்கு 50 ராத்தல் அளவில் காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்த்து வந்தார்கள். தீர்ப்பு வெளிவந்து நான்கு மாதங்களில் பௌச் காலமானார்.

குற்றம் அவர் ஒருவருடையதுதானா? சர்க்கார் பரிசோதகர், கனமான எஞ்சின்களை வரிசையாகக் கோத்துப் பாலத்தின்மேல் ஓட்டிப் பார்த்தே அனுமதி அளித்தார். பெருங்காற்றில் ரயில் செல்வதையும் ஒருமுறை பார்க்க விரும்புவதாக அவரே எழுதியிருந்தார். அதற்குச் சந்தர்ப்பம் வாய்க்காமலே போயிற்று. காற்றைச் சோதிக்கச் சொல்லும் விதி அன்று இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ராணியிடம் பட்டம் பெற்றவராயிற்றே என்று விசாரணையில் ஒருவரும் மழுப்பவில்லை. உண்மையை ஊரறியச் சொன்னார்கள். அதனால்தான் அடுத்த பாலம் நின்றது.

போர்த் கழிமுகத்துக்கும் பௌச்தான் ஒரு தொங்கு பாலம் திட்டமிட்டு வேலை தொடங்கியிருந்தார். அது கைவிடப்பட்டது. ஜான் பௌலர், பெஞ்சமின் பேக்கர் என்ற இருவர் புதிய திட்டம் வகுத்தார்கள். சதுர அடிக்கு 56 ராத்தல் காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது இப்போது கண்டிப்பான விதி. பேக்கர் கழிமுகத்தின் நடுவிலுள்ள தீவில் பெரியதும் சிறியதுமாகப் பலகைகளை நிறுத்திக் காற்றை அளந்தார். சிறிய பலகையில் பதிவான அழுத்தம் பெரிய பலகையில் பதிவாகவில்லை. கடும் வீச்சு சிறு சிறு இடங்களில்தான் தாக்குகிறது என்பது இதிலிருந்து விளங்கியது.

பாலத்தின் தத்துவத்தை விளக்கப் பேக்கர் 1887-ல் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். இரு மனிதர்கள் நாற்காலிகளில் அமர்ந்து கைகளை இருபுறமும் நீட்டினார்கள். கைகளுக்கு முட்டுக்கொடுக்கக் கம்புகள். வெளிப்பக்கக் கைகளில் எதிர்ப்பாரமாகச் செங்கற்கள். உள்பக்கக் கைகளிலிருந்து தொங்கிய பலகையில் மூன்றாவது மனிதர். கைகள் இழுவையையும் கம்புகள் அழுத்தத்தையும் ஏற்றன. நடுவிலிருந்தவர் சுகமாக உட்கார்ந்திருந்தார். அவர் யார் தெரியுமா? கிளாஸ்கோவில் படித்துப் பட்டம் பெற்று, அந்தப் பாலத்திலேயே வேலை பார்த்த ஜப்பானிய வாலிபர் காய்ச்சி வாத்தனாபே! கீழ்த்திசையிலிருந்து கல்வி கற்கச் சென்ற ஒருவர் உலகப் புகழ்பெற்ற அந்தப் படத்தின் மத்தியில் இருப்பது நமக்கும் மகிழ்ச்சி தருகிறது.

போர்த் பாலம் முழுவதும் எஃகு. சுமார் 54,000 டன். அழுத்தத்தை ஏற்கும் உறுப்புகள் 12 அடி விட்டமுள்ள குழாய்கள். இழுவையை ஏற்பவை பின்னல் சட்டங்கள். 361 அடி உயரமுள்ள கோபுரங்கள் அடியில் 120 அடி அகலமும் உச்சியில் 33 அடி அகலமுமாக, காலை அகட்டி நிற்கும் மல்லனைப்போல் நிற்கின்றன. பெரிய கண்கள் இரண்டும் தலைக்கு 1,710 அடி. 1890 மார்ச் 4-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. ஆனால் இதுவும் உயிர்ப்பலி இல்லாமல் எழவில்லை. கட்டுமான வேலையில் 73 தொழிலாளர்கள் மாண்டார்கள் என்று பிற்காலத்தில் பெயர் பெயராகத் தேடிக் கண்டிருக்கிறார்கள். திறப்பு விழாவின் பெருமை முழுவதும் பிரபுக்களுக்கே போயிற்று.

2015-ல் யுனெஸ்கோ இப்பாலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. டே கழிமுகத்திலும் 1887-ல் புதுப்பாலம் எழுந்தது. இன்றும் இரண்டின்மேலும் ரயில்கள் ஓடுகின்றன. புது டே பாலத்தின் பக்கத்தில் பழைய தூண்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தண்ணீருக்குமேல் தலைநீட்டி நிற்கின்றன. அவற்றை இன்றும் காணலாம். பாலம் கட்டப் புறப்படும் எந்தத் தேசமும் தன் வெற்றிகளின் பக்கத்தில் இப்படித் தன் தவற்றையும் கண்ணுக்குத் தெரிய வைத்திருப்பது நல்லது.