தானே நிரம்பும் பதிவேடு

காலையில் முதல் மணி அடித்ததும் வகுப்பாசிரியை கையில் எடுப்பது வருகைப் பதிவேடு. நூலகத்தில் சிஸ்டர் வைத்திருப்பது நூல் வழங்கும் பதிவேடு. வீட்டிலோ அம்மாவின் பால் கணக்கு நோட்டு. வரிசை வரிசையாகப் பெயர்கள், கட்டம் கட்டமாகக் குறிப்புகள்! இவற்றையே கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் அதற்குத் தரவுத்தளம் என்று பெயர். அந்தப் பதிவேடு மனிதக் கை படாமல் தானே நிரம்பினால் எப்படியிருக்கும்? அப்படி நிரம்பச் செய்வதைத் தன்னந்தனியே தொழிலாகக் கொண்டிருப்பவர் என் பெரியம்மா மகள். அலுவலக வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் புரோகிராமர். அவரிடம் கேட்டு அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அக்காவின் வாடிக்கையாளர்கள் தங்கள் வேலைப் பட்டியல்களை 'நோஷன்' என்னும் மென்பொருளில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு வரியும் திறந்தால் ஒரு தனிப் பக்கமாக விரியும். தேதிக்கு ஒரு பத்தி, முடிந்ததா என்று குறிக்க ஒரு பத்தி, வேறொரு அட்டவணையோடு உறவு கொள்ள ஒரு பத்தி என்று விருப்பம்போல் அமைக்கலாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம், வெளியார் எழுதும் நிரல்களும் வந்து போக ஒரு வழியைத் திறந்தது. அதனை ஏ.பி.ஐ. என்பார்கள். நம் பள்ளி அலுவலகத்தின் சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைய முடியாது. சீட்டை நீட்டினால் பதில் வரும். அந்தச் சன்னலுக்கும் ஒழுங்குமுறை உண்டு. சராசரியாக விநாடிக்கு மூன்று சீட்டுகள்தாம் நீட்டலாம். மீறினால் 429 என்ற எண்ணோடு 'பொறுத்து வா' என்று பதில் வரும். ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் 100 வரிகளைத்தான் வாசித்துத் தருவார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன். அக்கா கணக்குப் போடச் சொன்னார். 2,000 வரிகளை வாசிக்க 20 சீட்டுகள் போதும். ஏழு விநாடியில் முடிந்துவிடும். ஆனால் அந்த 2,000 வரிகளையும் திருத்த வேண்டுமானால் வரிக்கு ஒரு சீட்டு. பதினோரு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது! பொத்தானை அழுத்திவிட்டுப் பதினோரு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆகவே இவ்வேலை திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் இருப்பதை எழுப்புவது யார்? ஆலயத்தில் காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூவேளைச் செபத்திற்கு மணி அடிக்கிறதல்லவா? கணிப்பொறியிலும் அப்படி ஒரு மணிக்காரர் உண்டு. பெயர் 'கிரான்'. யூனிக்ஸ் கணிப்பொறிகளில் 1970களிலிருந்தே இருந்து வருபவர். குறித்த நேரத்தில் குறித்த நிரலை எழுப்பிவிடுவது மட்டுமே அவர் பணி. இன்னொரு முறையும் உண்டு. வாயிற்கதவை மணிக்கொரு தடவை திறந்து பார்ப்பதற்குப் பதில், வருகிறவரே அழைப்பு மணியை அழுத்துவது. அதற்கு வெப்ஹூக் என்று பெயர். உடனுக்குடன் செய்ய வேண்டியவற்றுக்கு அழைப்பு மணி நல்லது. வாரம் ஒரு முறை செய்வனவற்றுக்கு ஆலய மணியே போதுமானது.

இனி வருவது, அக்கா நன்கு யோசித்த பிறகே எழுத அனுமதி தந்த செய்தி. குழந்தைகளின் யூனிபார்ம் தைக்கும் ஒரு சிறு தையல் நிலையம் அவருடைய வாடிக்கையாளர்களுள் ஒன்று. திங்கட்கிழமை தோறும் ஆர்டர்களைப் பார்த்து, அந்த வாரத் துணி வெட்டும் பட்டியலை நிரல் எழுத வேண்டும். சுமார் 300 வரிகள். அப்போது நிரல் அக்காவின் சொந்த மடிக்கணிப்பொறியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திங்களன்று பாதியில் இணைய இணைப்பு அறுந்தது. அக்கா பதறிப்போய் நிரலை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். முன்பே எழுதப்பட்டிருந்த பாதி வரிகள் இரட்டித்துவிட்டன! கட்டிங் மாஸ்டர் பட்டியலை நம்புகிறவர். ஆர்டர் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்து வெட்டத் தொடங்கிவிட்டார். பதினொரு குழந்தைகளின் துணி இருமுறை வெட்டப்பட்ட பின்னரே தெரிந்தது. துணியின் விலையை அக்கா தம் சேமிப்பிலிருந்து கொடுத்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருமுறை குறியிட்டாலும் வந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் கணக்கு நோட்டில் பத்து ரூபாயை இருமுறை எழுதினால் இருபது ரூபாய் ஆகிவிடும். தானியங்கி நிரல்கள் யாவும் முதல் வகையாக இருக்க வேண்டும். எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்கு நிரல் தனக்கென ஒரு சொந்தப் பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியையும் எழுதுமுன் 'தொடங்கியது' என்றும், எழுதியபின் 'முடிந்தது' என்றும் குறிக்க வேண்டும். நடுவில் விழுந்து எழுந்தால் 'முடிந்தது' என்பவற்றைத் தொடாமல், 'தொடங்கியது' என்று மட்டும் நிற்பவற்றை நோஷனில் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால்தான் எழுத வேண்டும். ஒரே ஆர்டர் ஒரே வாரத்தில் இரண்டாம் முறை பதிவாகாதபடி தரவுத்தளத்திற்கே கட்டளையிட்டும் வைக்கலாம்.

பிரேம்வொர்க் என்னும் சொல் இப்போதுதான் பொருள் பெறுகிறது. வலைத்தளம் கட்டுவோர் எல்லாருக்கும் பொதுவாகத் தேவைப்படும் பகுதிகளை முன்கூட்டியே செய்து வைத்த சட்டகமே வெப் பிரேம்வொர்க். அக்கா அந்த விபத்துக்கு முன் மூன்று வாரங்களை இதைத் தேர்ந்தெடுப்பதிலேயே கழித்திருந்தார். "புடவைக் கடையில்கூட நான் இவ்வளவு புரட்டியதில்லை" என்று பெரியம்மா சலித்துக்கொண்டதுண்டு.

ரூபி மொழியில் 'ரெயில்ஸ்' இருக்கிறது. 2004இல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்டது. மேல்நிலை அக்காமார் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பைத்தான் மொழியில் இரண்டு புகழ் பெற்றவை. ஒன்று 'பிளாஸ்க்'. ஆஸ்திரியரான ஆர்மின் ரோனாகர் 2010 ஏப்ரல் முதல் நாளில் செய்த முட்டாள்தின வேடிக்கையிலிருந்து அது பிறந்ததென்றால் நம்புவீர்களா? அது மிகக் கொஞ்சமே தரும். மீதியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று 'ஜாங்கோ'. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003இல் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது. 2005இல் எல்லாருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. நாளிதழ்க்காரர்களுக்கு மாலைக்குள் வேலை முடிய வேண்டுமல்லவா? அந்த அவசரத்தில் பிறந்ததால் உள்நுழைவு, தரவுத்தளம், நிர்வாகப் பக்கம் யாவும் அதில் ஆயத்தமாகவே உள்ளன. தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பிறகும் கிதார் இசையில் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. (இதைப் படித்ததும் எனக்கு ஜாங்கோவின் மேல் தனி அன்பு வந்துவிட்டது. அது தேர்வுக்குக் காரணமாகாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னார்.)

பிரேம்வொர்க்கே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஹாலந்து நாட்டுப் பீட்டர் லெவல்ஸ் 2014இல் ஓர் இணைய விரிதாளைப் பொதுவில் வைத்து, ஊர்களைப் பற்றிய விவரங்களைப் பலரும் நிரப்பச் செய்தார். அதையே 'நோமட் லிஸ்ட்' என்னும் வலைத்தளமாக்கினார், தமக்குப் பழகிய பி.எச்.பி. மொழியைக் கொண்டே. தனியாள் தனக்குத் தெரிந்த கருவியைப் பிடித்தால் போதும் என்பதற்கு அவரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

அக்கா முடிவில் ஜாங்கோவை எடுத்தார். விபத்துக்கு முன்பு எது வேகம், எது புதிது, எதைப் பலர் புகழ்கிறார்கள் என்றெல்லாம் பார்த்தவர், பின்பு ஒரே கேள்வியைக் கேட்டார்: "நிரல் பாதியில் விழுந்தால் எங்கே விழுந்தது என்று எனக்கு யார் காட்டுவார்கள்?" ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம், தரவுத்தளத்தின் வடிவத்தைச் சொல்லிவிட்டால் தானே உருவாகிவிடும். 'தொடங்கியது', 'முடிந்தது' என்ற குறிகளை அக்கா கைப்பேசியிலேயே பார்க்கலாம். அதைத் தனியே எழுதியிருந்தால் இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மாதம் என்பது அவருக்கு வீட்டு வாடகை. அழகான அசையும் திரைகளை அதில் எளிதில் செய்ய முடியாது என்று எனக்குச் சிறு வருத்தம். கட்டிங் மாஸ்டருக்கு அது தேவையில்லை.

நிரல் இப்போது வாடகைக் கணிப்பொறி ஒன்றில் ஓடுகிறது. திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்குக் கிரான் அதை எழுப்புகிறது. தையல் நிலையத்தார் அக்காவை விட்டுப் போகவில்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு அக்காவும் எழுந்து, கைப்பேசியில் 300 'முடிந்தது'களையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி