நாலு பேருக்குத் தெரியலாமா?



குடும்பப் பிரச்சினையைப் பேசித் தீர்க்கலாம் வாங்க என்றால், நம் பெண்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நான் சொன்னா வெளியே போகாதுல்ல?" இந்தப் பயம் நியாயமானது. நம் கூட்டமைப்பிலேயே ஒரு முறை அப்படி நடந்துவிட்டது. ஒரு சகோதரி அழுதுகொண்டே சொன்ன விஷயம், மறுநாள் காலையில் தண்ணிக் குழாயடியில் பேச்சாகிவிட்டது. அதன்பிறகு மூன்று மாதம் அவர் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை. அந்தத் தப்பு நம்முடையது.

கோர்ட்டில் எப்படி?

2005-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரசத் தீர்வு மையம் தொடங்கியது. பிறகு திண்டுக்கல் உள்பட மாவட்ட நீதிமன்றங்களிலும் சமரச மையங்கள் வந்தன. ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது போன்ற வழக்குகளை நீதிபதி அங்கே அனுப்புவார்.

அங்கே சமரசர் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தும் பேசுவார், தனித்தனியாகவும் பேசுவார். மனைவி தனியாகச் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் கணவனிடம் சொல்லக் கூடாது. பேச்சு முறிந்தால், "சமரசம் ஏற்படவில்லை" என்று மட்டும்தான் நீதிபதிக்கு எழுத வேண்டும். யார் என்ன சொன்னார், யார் விட்டுக் கொடுக்கவில்லை என்று எழுதக் கூடாது. 2010-ல் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதனால் நமக்கு என்ன லாபம்? "பத்தாயிரம் குடுத்தாக்கூடப் போதும்" என்று சமாதானத்துக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்போம். பிறகு வழக்கு நடக்கும்போது அதையே நம் மீது திருப்ப முடியாது. ஆனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் நீதிமன்றத்துக்குப் போகும். அது போனால்தான் அதை நிறைவேற்ற முடியும்.

எதை மறைக்கக் கூடாது?

ரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியஸ்தச் சட்டம் அதை எழுதி வைத்திருக்கிறது. குற்றம் செய்யப்போவதாக மிரட்டுவது, குடும்ப வன்முறை, குழந்தைக்குக் கொடுமை, பொதுமக்களுக்கு வரும் பெரிய ஆபத்து ஆகியவற்றுக்கு ரகசியக் காப்பு கிடையாது.

18 வயதுக்குக் கீழான பிள்ளைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். "குடும்ப மானம் போயிரும்" என்று சமாதானம் பேச நமக்கு உரிமையே இல்லை. மானத்தைவிடப் பிள்ளை பெரிசு.

நாம் என்ன செய்யலாம்?

• பேச உட்காரும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவோம்: "நீங்க சொல்றது எங்களோட இருக்கும். ஆனா உசுருக்கு ஆபத்துன்னாலோ, பிள்ளைக்குக் கொடுமைன்னாலோ சும்மா இருக்க மாட்டோம்." எல்லாம் கேட்டபிறகு இதைச் சொன்னால் அது துரோகம் மாதிரி ஆகிவிடும்.

• தீர்மான நோட்டில் குடும்ப விஷயத்தை எழுத வேண்டாம். அந்த நோட்டை வங்கியிலிருந்து வருபவரும் பார்ப்பார், தணிக்கைக்கு வருபவரும் பார்ப்பார்.

• செல்போனில் பதிவு செய்யக் கூடாது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது.

• வெளியே சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் அந்தச் சகோதரியிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போவோம். தேவையான இடத்தில் மட்டும் சொல்வோம், தெருவில் அல்ல.

• அடி உதை இருக்கும் இடத்தில் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்ல வேண்டாம்.

பெண்களுக்கு உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. திண்டுக்கல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், வக்கீல் உதவி இலவசம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். நம்மை நம்பி வாய் திறக்கிற பெண், அடுத்த கூட்டத்துக்கும் தலை நிமிர்ந்து வரவேண்டும்.