நிமிர்வதற்கு முன் கவனிப்போம்

சில மாதங்களுக்கு முன், மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக் கடை ஒன்றின் வாசலில் காத்திருந்தேன். கடையின் கண்ணாடிச் சுவரில் ஒருவர் தெரிந்தார். தலை முன்னே நீண்டு, தோள்கள் சுருண்டு, கைப்பேசியின் மீது கவிழ்ந்திருந்தார். "வயதானவர் போலும்" என்று எண்ணிய மறுகணமே, அவர் அணிந்திருப்பது என் சட்டை என்பது உறைத்தது.

அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாகக் கழுத்து வலி இருந்தது. தலையணையை மாற்றினேன், நாற்காலியை மாற்றினேன், தைலங்களை மாற்றினேன். மாறாமல் இருந்தது நான் அமரும் விதம் மட்டும்தான். எனவே, இனி நிமிர்ந்தே அமர்வது என்று உறுதி பூண்டேன். மார்பை முன்னே தள்ளி, தோள்களைப் பின்னே இழுத்து அமர்ந்தால் சில நிமிடங்களில் களைப்பு வந்தது. சில நாள்களில் முதுகின் நடுவே புதியதொரு வலியும் சேர்ந்துகொண்டது.

பள்ளியில் "நிமிர்ந்து உட்கார்" என்று ஆசிரியர் அதட்டும்போதெல்லாம் நிமிர்ந்தோம். அவர் கரும்பலகையின் பக்கம் திரும்பியதும் பழைய நிலைக்குத் திரும்பினோம். கட்டளைக்கு உடல் பணிவது அவ்வளவு நேரம்தான். ஏன்?

இந்தக் கேள்விக்குப் பயனுள்ள விடை தந்தவர் எஃப்.எம். அலெக்சாண்டர். 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த இவர், மேடைகளில் இலக்கியப் பகுதிகளை ஒப்பிக்கும் கலைஞர். மேடையில் அடிக்கடி குரல் கம்மியது. மருத்துவம் நிலையான பயன் தரவில்லை. கண்ணாடிகளின் முன் நின்று தன்னையே கவனிக்கத் தொடங்கினார். பேசத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையை அழுத்துவதைக் கண்டார்.

அதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு. தலையை முன்னே கொண்டுவந்துவிட்டதாக அவர் உறுதியாக உணர்ந்த வேளையில், கண்ணாடியோ அது பின்னே சென்றிருப்பதைக் காட்டியது. நீண்ட நாள் பழக்கத்தில் கோணலே நேராகத் தோன்றுகிறது. நேரானது கோணலாகத் தோன்றுகிறது. தவறிய உணர்வை நம்பிச் செய்யும் திருத்தமும் தவறிப்போகிறது. எனவே திருத்துவதற்கு விரையாமல், முதலில் கவனிக்கவும், தேவையற்ற இறுக்கத்தை நிறுத்தவும் அவர் கற்பித்தார்.

1973-இல் நோபல் பரிசு பெற்ற நிகோ டின்பெர்கன், தமது ஏற்புரையில் இம்முறையைப் பற்றி விரிவாகப் பேசினார். 2008-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வொன்றில், நாள்பட்ட இடுப்பு வலி கொண்ட 579 பேர் பங்கேற்றனர். பயிற்சியாளரிடம் 24 பாடங்கள் கற்றவர்களுக்கு, ஓராண்டுக்குப் பிறகு வலி இருந்த நாள்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. எல்லா வலிக்கும் இதுவே மருந்து என்பது இதன் பொருளன்று. கை மரத்துப்போதல், வலு குறைதல் போன்றவை இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

இந்தச் சிந்தனையோடு ஒரு காலையில் மதுரைக்கு மேற்கேயுள்ள கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறினேன். பேச்சிப்பள்ளம் பாறையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர்கள் வரிசையாக உள்ளனர். அவர்களில் பார்சுவநாதர் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். கைகள் இருபுறமும் தளர்ந்து தொங்குகின்றன. சமணம் இந்நிலையைக் 'காயோத்சர்க்கம்' என்கிறது. காயம் என்றால் உடல். உத்சர்க்கம் என்றால் விடுதல். துறவியின் நோக்கம் வேறு. என் கழுத்து வலி வேறு. ஆயினும் நேராக நிற்பதற்கும் விறைப்பாக நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கல் எனக்குப் புரியவைத்தது. நான் செய்துகொண்டிருந்தது விறைப்பு.

அதன் பிறகு நிமிர முயல்வதை விட்டுவிட்டேன். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டியை நிறுத்தும்போது, கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று பார்ப்பேன். நின்றிருக்கும் வண்டியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கைப்பேசி ஒலித்தால் தோள் காதை நோக்கி உயர்வதையும், கணினியில் தட்டச்சு செய்கையில் மூச்சை அடக்கிக்கொள்வதையும் கண்டேன். கண்டதும் பெரும்பாலும் அவை தாமே தளர்ந்தன. அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும் பழகினேன். எந்த நல்ல நிலையும் நெடுநேரம் நீடித்தால் துன்பமே. வலி முற்றிலும் அகலவில்லை. வலியில்லாத நாள்கள் பெருகியிருக்கின்றன.

ஆனால், இந்தக் கவனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மதுரையைச் சூழ்ந்த வயல்களில் குனிந்து நாற்று நடுபவரும், விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்பவரும், சுங்குடித் துணியில் நாள் முழுவதும் முடிச்சிடும் பெண்ணும் உடலை வளைப்பது பழக்கத்தால் அன்று, பிழைப்பால். அவர்களிடம் போய் "உடலைக் கவனியுங்கள்" என்று அறிவுரை கூறுவது பொருந்தாது. ஓய்வும் ஏற்ற கருவிகளும் நியாயமான கூலியுமே அவர்களுக்குத் தேவை.

கடை ஊழியர்களுக்காகத் தமிழ்நாடு இத்திசையில் ஓரடி எடுத்துவைத்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், பணிக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை வசதி வேண்டும் என்கிறது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்தது. இருக்கை போட்டால் மட்டும் போதாது. அமர்ந்திருப்பவரைச் சோம்பேறியாகப் பார்க்கும் நம் பார்வையும் மாறவேண்டும். அதுவும் ஒரு பழக்கம்தான்.

அன்று அந்தக் கண்ணாடியில் என் கூனலை மட்டுமே பார்த்தேன். அண்மையில் மீண்டும் சென்றபோதுதான், கண்ணாடிக்கு அப்பால் ஒரு காலின் பாரத்தை மறுகாலுக்கு மாற்றி மாற்றி நின்றிருந்த விற்பனைப் பெண்ணைக் கவனித்தேன். நம் உடலைக் கவனிக்கப் பழகியதன் பயன், பிறர் உடலின் களைப்பும் நம் கண்ணில் படுவதாக இருக்கட்டும்.