நார்த்தங்காய்: தோல்தான் பழம்



தேசிக்காயைப் பிழிந்து சாற்றை எடுத்துக்கொண்டு தோலை வீசிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் நார்த்தங்காயை வெட்டிப் பார்த்து, "இதில் சாறே இல்லையே" என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. நார்த்தையில் தோல்தான் பழம். தடித்த வெண்சதையும் மணமுள்ள மேல்தோலுமே அதன் அருமை.

தாவர நூலார் இதனை சிட்ரஸ் மெடிக்கா என்பர். 'மெடிக்கா' என்றதும் மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். பாரசீகப் பக்கத்து மீதியா நாட்டின் பெயரால் வந்தது அது. எலுமிச்சைக்கே இது பெற்றோரில் ஒன்று.

மரத்தை எப்படி அறிவது? முள்ளுள்ள சிறுமரம், மொட்டிலும் தளிரிலும் ஊதா சாயல், இலையோரம் சிறு பற்கள். இலைக்காம்பைப் பாருங்கள். கிச்சிலியின் காம்பில் சிறகு போன்ற அகலம் இருக்கும், நார்த்தையில் இராது.

குர்ஆன் ஓதும் விசுவாசியை நபி (ஸல்) அவர்கள் மணமும் சுவையும் நல்லதான 'உத்ருஜ்ஜா'வுக்கு ஒப்பிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). அது இந்த நார்த்தையே. 1350இல் வஃபாத்தான இமாம் இப்னுல் கையிம் அவர்கள், இதன் தோல், சதை, புளிப்பு, விதை நான்கையும் தனித்தனியே விளக்கி, தோலைத் துணிகளுக்கிடையே வைத்தால் பூச்சி அரிக்காது என்றும் எழுதியுள்ளார்கள். மழையும் பனிமூட்டமுமான மஸ்கெலியாவில் உங்கள் உடுப்புப் பெட்டிக்கும் இது உதவக்கூடும். நன்றாகக் காய்ந்த தோலையே வையுங்கள். ஈரத்தோல் பூஞ்சணம் பிடிக்கும்.

ஊறுகாய்க்குக் காயைச் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, சில நாள் ஊறவிட்டு வெயிலில் காயவையுங்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தின் தை, மாசி வெயிலே எங்கள் பக்கம் இதற்கு ஏற்றது. இளம் இலையை மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்புடன் இடித்தால் தமிழகத்தார் செய்யும் வேப்பிலைக்கட்டி கிடைக்கும், பெயரில்தான் வேம்பு! தோலை இரண்டு மூன்று தண்ணீரில் அவித்துக் கசப்பை நீக்கிச் சீனிப்பாகில் காய்ச்சினால், பிள்ளைகளுக்கு இனிப்பு.

பித்தத்துக்கும் வாய்க்கசப்புக்கும் நம் பாட்டிமார் ஊறுகாய்த் துண்டு கொடுத்தார்கள். சாப்பாட்டில் விருப்பம் வர அது உதவும். ஆனால் ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவு. வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால், நோன்புக் கஞ்சியோடு ஊறுகாய்ப் போத்தலையே அவர்கள் முன் வைக்காதீர்கள். டாக்டர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு நார்த்தையை நம்புவதும் தவறு.

ஏறத்தாழ 4000 அடி உயரத்திலுள்ள நம் ஊரில் இம்மரத்துக்கு மழைத்தண்ணீர் தேங்குவதே எதிரி. தண்ணீர் வடியும் சரிவில் ஒரு கிளைத்துண்டை நட்டாலும் வேர் பிடிக்கும். வீட்டோரம் ஒன்று வையுங்கள். காய்க்கும்போது, தோலை மட்டும் வீசிவிடாதீர்கள்.