லெட்வில்: நூறு மைலுக்கு இரண்டு கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 3,094 மீட்டரில் இருக்கிறது லெட்வில். 1982இல் பக்கத்துக் கிளைமாக்ஸ் சுரங்கம் மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றது. வெளியாட்களை வரவழைக்க 1983இல் 100 மைல் மலையோட்டம் தொடங்கினார்கள். 1994இல் மலைச் சைக்கிள் போட்டியும் சேர்ந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய 161 கிலோமீட்டர். ஓடுபவரையும் சைக்கிள்காரரையும் ஒரே பேரேட்டில் எழுத இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது.

சைக்கிள் பக்கம்தான் நீளம். வண்டி எடை 10 கிலோவை ஒட்டி வரும். பின்சக்கரத்தில் 12 பல்சக்கரங்கள், சக்கரத்துக்கு 28 ஸ்போக்ஸ் கம்பிகள், முன்னால் 100 முதல் 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க். அந்த ஃபோர்க்குக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும். செயின் 0.5 சதவீதம் நீண்டாலே கழற்றிவிட வேண்டும். சோம்பல்பட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் பசைநீர் சில மாதங்களில் காய்ந்துவிடும். விலை? மேல்தட்டு வண்டிகள் 10,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன.

ஓடுபவர் பக்கம் ஒரு ஜோடி ஷூ, எடை சுமார் 600 கிராம். விலையை 140 டாலர் என்றும் ஆயுளை 650 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால் 5 ஜோடி, 700 டாலர். பத்து வருஷம் ஓடினாலும் 7,000. அந்த ஒரு சைக்கிளின் விலை வரவில்லை. நூறு மைல் போட்டிக்கு மட்டும் தேய்மானம் பார்த்தால் ஏறக்குறைய 35 டாலர். இதையும் குறைக்கலாம். 1993இல் இந்த ஓட்டத்தை வென்றவர் மெக்சிகோவின் தாராஹுமாரா இனத்தைச் சேர்ந்த விக்டோரியானோ சுர்ரோ. வயது 55, நேரம் 20 மணி 3 நிமிடம். காலில் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சமாசாரம்: டயர் செருப்பு!

டயர் சைக்கிள்காரரை அப்படித் தாங்குவதில்லை. 2009இல் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் (டூர் டி பிரான்ஸ் பட்டங்களைப் பின்னால் பறிகொடுத்த அதே ஆள்) காற்றிறங்கிய பின் டயரோடு கடைசி மைல்களை ஓட்டித்தான் 6 மணி 28 நிமிடத்தில் ஜெயித்தார்.

ஆனால் நேரம் என்ற வரியில் கணக்கு அப்படியே தலைகீழ். சைக்கிளில் 2023இல் கீகன் ஸ்வென்சன் 5 மணி 43 நிமிடம். ஓட்டத்தில் 2024இல் டேவிட் ரோச் 15 மணி 26 நிமிடம். 2.7 மடங்கு. கெடு நேரமும் முறையே 12 மணி, 30 மணி. பணத்தில் மிச்சப்பட்டதை ஓடுபவர் தூக்கத்திலும் முழங்காலிலும் கட்டுகிறார் என்பது என் கணிப்பு. சாமான் இல்லாத விளையாட்டு என்று ஓட்டத்தைப் புகழ்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆள்கணக்கும் அப்படியே தலைகீழ். ஓட்டப் பாதை சுமார் 3,840 மீட்டர் உயரமுள்ள ஹோப் கணவாயை இரண்டு தடவை கடக்கிறது. அங்கே உணவு முகாமுக்கான பொருள்களை லாமாக்கள் சுமந்து ஏறுகின்றன. பாதிக்கு மேல் கூடவே ஓட ஒரு துணையாளர் உண்டு. ஓடுபவரின் தண்ணீரையும் விளக்கையும் அவரே தூக்கிக்கொள்ளலாம் என்பது இந்தப் போட்டியின் விதி. சைக்கிள்காரருக்கு அப்படி ஒரு துணை கிடையாது. மாற்று டியூபும் பம்ப்பும் அவர் பாடு.